பிரண்டை என்று வளர்த்தது

என் வீட்டுக்காரர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்ட வருடம், எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி காலை ஊன்றி நடக்கவேண்டியதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இந்த மனுஷனோ ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். குளியலறைக்குப் போவதற்குக்கூட என் தோள் வேண்டும். வலிக்கிறதா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். லோரியில் ஊரெல்லாம் சுற்றியவர் இப்படியே முடங்கிவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அதைச் சொல்லத் தெரியாமல் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தேன்.

கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோட்டத்து அக்கா ஒருவர், அடுத்த வெள்ளிக்கிழமை ஈரத்துணியில் சுற்றி நாலைந்து பச்சைத் தண்டு கொண்டுவந்தார். நாலு பட்டையாக இருந்தது. பிரண்டை, துவையல் அரைத்துக் கொடு, எலும்பு இரும்பாகிவிடும் என்றார். ஆனால் ஒரு வேளைத் துவையலுக்குக்கூடக் காணாது. நட்டுப் பெருக்கி அரைக்கலாம் என்று பழைய பெயிண்டு வாளியில் ஊன்றி, போர்ச்சு ஓரமாக வைத்தேன்.

அது நன்றாகத்தான் வந்தது. ஆனால் பிரண்டை கொடியாயிற்றே, படரவேண்டாமா? நான் கட்டிவிட்ட கயிற்றை இது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கணு இல்லை, பிடித்து ஏறச் சுருள் இல்லை, பேருக்கு ஓர் இலைகூட இல்லை. அடியிலிருந்து கொத்தாக விரல்களை நீட்டிக்கொண்டு நின்றது. தொட்டால் வெல்வெட்டுத் துணி மாதிரி இருந்தது. மலாக்கா மண்ணில் பிரண்டை இப்படித்தான் வளரும்போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஊதிய பலூன்போல ஒரு மொட்டு வந்தது. பிரண்டைக்கு இவ்வளவு பெரிய மொட்டா என்று நின்று யோசித்திருக்கலாம். நான் எங்கே நின்றேன்? ஞாயிற்றுக்கிழமை அரைத்துவிடுவது என்று புளிகூட வாங்கி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் வீடு நாறியது. செத்த எலி நாற்றம். அடுப்படி அலமாரியை நகர்த்தினேன், சாக்கடையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன், பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டித் தீர்த்தேன். வியர்த்துப்போய் வாசலுக்கு வந்தால் நாற்காலி காலியாக இருந்தது. அவர் ஊன்றுகோலோடு பெயிண்டு வாளிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“எலி இல்லலா. இங்க வந்து பாரு,” என்றார்.

மொட்டு வெடித்து, உள்ளங்கையைவிடப் பெரிய ஐந்து முனை நட்சத்திரமாக விரிந்து கிடந்தது. வெளிர் மஞ்சள் நிறம், அதன் மேல் கருஞ்சிவப்பில் மெல்லிய வரிகள், ஓரமெல்லாம் பூனைமயிர் மாதிரி பொடி முடி. நடுவில் ஈ மொய்த்தது. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. பிடுங்கி எறியப் போன என் கையைத் தட்டிவிட்டார். இது என்ன என்று முதலில் தெரியவேண்டும் என்றார். இத்தனை மாதத்தில் அவர் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட முதல் விஷயம் அதுதான்.

போனில் படம் எடுத்துத் தேடினார். அது ஒரு தடவை கள்ளி என்றது, மறு தடவை வேறு ஏதோ பெயர் சொன்னது. நான் அந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கும் யாரோ கொடுத்தது, நாலு பட்டையைப் பார்த்துப் பிரண்டை என்றே நம்பியிருக்கிறார். நல்லவேளை, அவரும் அரைத்துத் தின்னவில்லை.

துணி காயப்போட்டுவிட்டு வந்தால் ஆளைக் காணோம். கேட் திறந்து கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில், புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சீனர் செடி விற்கிறார். அங்கே ஊன்றுகோலோடு நின்று அவரோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தார் இவர். என்னைக் கண்டதும், செடிக்காரர் சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். பெயர் ஸ்டபீலியா, சொந்த ஊர் ஆப்பிரிக்கா, பார்க்கத்தான் கள்ளி மாதிரி, உண்மையில் நம்முடைய எருக்குக்குச் சொந்தம். செத்த மாமிசம் என்று ஈயை ஏமாற்றி வரவழைக்கத்தான் இந்த நாற்றமாம். லோரி ஓட்டிய காலத்தில் இருந்த அதே குரல். திட்டுவதற்காக ஓடிவந்த நான், அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வழக்கம்போல என் தோளைக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

“வலி எப்பவோ போயிடுச்சு. திரும்பவும் விழுந்துடுவேனோன்னுதான் பயம். உங்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

“எனக்கும் பயம்தாங்க. அதான் கத்திக்கிட்டே இருந்தேன்,” என்றேன்.

அவர் முன்னால் நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் தடுமாறி நின்றார். இரண்டு தடவையும் நான் கையை நீட்டாமல், அவர் அடுத்த அடி எடுத்து வைக்கும்வரை பின்னாலேயே நின்றேன்.