ஆற்றுக்குள் சக்கரம்

ஆற்றுக்குச் சட்டம் உண்டு என்பது ஜீப்புகள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் ஆறு இருந்தது, நாங்களும் இருந்தோம். அதற்கு ஒரு சட்டம் இருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் ஊர் ஆற்றுக்கு இந்தக் கரையில். தார்ரோடு அந்தக் கரையில். நாமக்கல் தனி ஜில்லாவாகி சில வருசம் ஆகியிருந்த காலம். குழாய் எங்கள் ஊருக்கு வரவில்லை. மாசி பிறந்தால் ஆறு நூலாகிவிடும். அப்புறம் வளைவில் மணலைத் தோண்டி ஊற்று எடுப்போம். அதைச் சுற்றிக் கல் அடுக்கி, மேலே முள் போட்டு மூடி வைப்போம். காலையில் முதலில் ஊறிக் கிடப்பதை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, தெளிந்து வருவதைத்தான் குடத்தில் எடுப்பது. செருப்போடு அதன் பக்கம் போகக்கூடாது, பாத்திரம் கழுவக்கூடாது. ஊற்றுக்குப் பக்கத்தில் எங்கள் காடு இருந்ததால், வருசா வருசம் அதைத் தோண்டுவதும் காப்பதும் எங்கள் வீட்டுப் பொறுப்பு. என் மாமியாருக்குப் பிறகு நான். அதில் எனக்குக் கொஞ்சம் மிடுக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு கோடையில் கீழ்நாட்டிலிருந்து ஜீப்புகள் வர ஆரம்பித்தன. மேலே கூரை கிடையாது, சக்கரம் என் இடுப்பு உயரம் இருக்கும். தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டை விட்டு ஆற்றுக்குள் இறங்கி, மணலும் பாறையுமாகக் கிடக்கிற வழியிலே மேலே மேலே ஏறி வருவார்கள். தண்ணீர் தேங்கின இடத்தில் வேகமாக விட்டுத் தெறிக்க வைப்பார்கள். எதைத் தேடி வருகிறார்கள் என்று என் மகனிடம் கேட்டேன். எதையும் தேடவில்லை, சும்மாதான் என்றான். நல்ல ரோடு பக்கத்திலேயே போகும்போது சும்மா எண்ணெயை எரித்துக்கொண்டு பாறையில் ஏறுவது என்ன பிரியமோ. அவரவர் பிரியம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜீப்பின் சக்கரம் ஊற்றுக்குள் இறங்கிவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போது அடுக்கின கல்லெல்லாம் சிதறிக் கிடந்தது. தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்து மயில் கழுத்து மாதிரி மின்னியது. ஓட்டினவன் நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான்.

"குழி இருந்தது தெரியலீங்க ஆயா."

"குழியில்லீங்க. நாங்க குடிக்கற தண்ணி."

அவன் முகம் கொஞ்சம் மாறியது. தன் பாட்டில் தண்ணீரை எடுத்து நீட்டினான். நான் வாங்கவில்லை. ஆறு எல்லாருக்கும் பொதுதானே, எங்களுக்கு வர உரிமை இல்லையா என்று அவன் கூட வந்தவன் கேட்டான். அவர்கள் போன பிறகு மணலை அள்ளி எறிந்து, இறைத்து இறைத்து ஊற்றினோம். எண்ணெய் வாசம் சீக்கிரம் போகவில்லை. அது போகிற வரைக்கும் ஊர்ப் பெண்கள் மேட்டுச் சுனைக்குக் குடத்தோடு ஏறி இறங்கினார்கள்.

கூட வந்தவன் கேட்ட கேள்வி எனக்குள்ளே உட்கார்ந்துகொண்டது. சந்தை அன்றைக்கு செம்மேட்டுக்குப் போய் மணியகாரரைப் பார்த்து அதையே கேட்டேன். ஆறு எல்லாருக்கும் பொது என்றால் எல்லாரும் வண்டி ஓட்டலாம்தானே என்றேன்.

"பொதுங்கறதாலதானுங்கம்மா யாரும் ஓட்டக்கூடாது" என்றார் அவர்.

அது ஆற்றுப் புறம்போக்கு, சர்க்காருடையது, அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி ஓட்டினால் தப்பு என்று விளக்கினார். மனு எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றார். மகன் எழுதினான். மணியகாரர் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நான் அதை மூடி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் ஆனது. அவர் காத்திருந்தார்.

மழைக்காலத்தில் தரைப்பாலத்துப் பக்கத்தில் தகரப் பலகை நட்டார்கள். ஆற்றுக்குள் வாகனம் செல்லக்கூடாது என்று எழுதியிருந்தது. தண்ணீர் வற்றின பிறகு வந்த ஜீப்புக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். படித்தும் உள்ளே போன ஒருவன் அபராதம் கட்டினான். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அந்த மாசியில் தோண்டின ஊற்று கண்ணாடி மாதிரி இருந்தது.

அதே மாசியில்தான் மரவள்ளி பிடுங்குகிற காலமும்.

எங்கள் ஊர்க் கிழங்கெல்லாம் என் அண்ணன் மகனின் டிராக்டரில்தான் போகும். ஊருக்கு மேலாக ஆற்றில் இறங்கி, உள்ளேயே நீளத்துக்கு ஓட்டி வந்து, ஊற்று இருக்கிற இடத்தில் எதிர்க்கரை ஓரமாக ஒதுங்கிக் கடந்து, தரைப்பாலத்தில் ஏறி, லாரி நிற்கிற இடத்தில் இறக்குவான். இந்தக் கரையில் பாலத்துக்கு வண்டி போக வழி கிடையாது, அதனால் பல வருசமாக அப்படித்தான். அன்றைக்கு முதல் லோடோடு பாலத்துக்கு வந்தவனைப் பலகைக்குக் கீழே தலையாரி நிறுத்திவிட்டார். அவன் வந்த வழியே திரும்பி வந்து, கிழங்கோடு டிராக்டரை என் வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தான்.

"ஏனுங்கத்தே, ஜீப்புக்காரனுக்குப் போட்ட கண்ணியில நான் வந்து உழுந்துட்டனுங்க."

"சட்டத்துக்கு ஜீப்பு எது, டிராக்டரு எதுன்னு தெரியுமா சாமி? சக்கரம்னா சக்கரந்தான்."

"அப்ப இந்தக் கெழங்க இங்கியே எறக்கிப் போடறனுங்க. சட்டமும் நீங்களுமா அவிச்சுத் தின்னுங்க."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டவில்லை. பிடுங்கின கிழங்கு காத்திருக்காது. உள்ளே கறுக்க ஆரம்பித்தால் ஜவ்வரிசி மில்லில் எடுக்க மாட்டார்கள். அன்றைக்குப் பிடுங்கினதை எல்லாரும் தலையில் சுமந்து ஆற்றைத் தாண்டி லாரியில் ஏற்றினோம். நானும் சுமந்தேன். காட்டில் இன்னும் ஊர்க் கிழங்கு முழுசும் நின்றது.

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. யாரும் என்னைத் திட்டவில்லை. மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டால் போதும், பலகையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஆளுக்கு ஆள் பதமாகச் சொன்னார்கள். பலகை போனால் ஜீப்பும் வரும், ஊற்றும் போகும் என்றேன். நம் சக்கரத்துக்கு ஒரு சட்டம், அவர்கள் சக்கரத்துக்கு ஒரு சட்டம் என்று கேட்டால் கொடுப்பார்களா என்றும் கேட்டேன். ஊற்றுக்கு வேண்டுமானால் காவலுக்கு ஆள் வைக்கலாம் என்றான் ஒருவன். அந்தச் சக்கரத்துக்கு முன்னால் அவன் போய் நிற்பானா என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மணியகாரரை வரச்சொல்லி ஆள் அனுப்பினோம். அவர் வந்து கரையில் நின்று மேலும் கீழும் பார்த்தார். ஆற்றுக்குள் நீளத்துக்கு ஓட்டுவதுதான் கூடாது, பழைய தடத்தில் கரைக்குக் கரை தாண்டுவதை யாரும் தடுக்க முடியாது என்றார்.

"உங்களுக்குப் பழைய வண்டித்தடம் இருக்குமில்லீங்க? அது எங்க எறங்குது?"

ஒருவர் ஆற்றைப் பார்த்தார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். வாய்க்கு வாய் பேசுகிற என் அண்ணன் மகன் குனிந்து டயரில் ஒட்டின மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான்.

எல்லாருக்கும் தெரியும். தடம் என் காட்டுக்குள்ளே இருந்தது. ஊரிலிருந்து நேராக வந்து, ஊற்றுக்குக் கீழே ஆற்றில் இறங்கி, அக்கரை மேட்டில் ஏறி இப்போதைய தார்ரோட்டில் சேரும். அக்கரை மேடு செங்குத்து. மாடுகள் நுரை தள்ளிக்கொண்டுதான் ஏறும். டிராக்டர் வந்து, ஆற்றுக்குள்ளேயே சமமாக ஓட்டிப் போகலாம் என்றானதும் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. புல் முளைத்தது. என் வீட்டுக்காரர் இருந்தபோது ஏரை அதற்கு மேலேயே ஓட்டினார். பிறகு அதில் மரம் வைத்து மிளகுக்கொடி ஏற்றினோம். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. இப்போதும் யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது. என் முகத்துக்காக ஊர் முழுசும் வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

யாருக்கும் நினைவு இல்லையென்றால் சர்வேயரை அழைத்து வந்து அளந்து பார்க்கலாம் என்றார் மணியகாரர்.

"அளக்க வேண்டாமுங்க" என்றேன். "அது எங்க காட்டுக்குள்ள இருக்குது. நாளைக்குத் தொறந்து வெச்சிடறனுங்க."

வீட்டுக்கு வந்ததும் மகன் கோபித்துக்கொண்டான். அந்த வருசம்தான் கொடி நன்றாகப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு காய்ப்பு எடுத்துவிட்டு வெட்டலாமே என்றான். அதற்குள் ஊர்க்கிழங்கு கெட்டுவிடும், இல்லாவிட்டால் மனுவைத் திருப்பி வாங்க வேண்டியிருக்கும் என்றேன். அவன் அரிவாளை எடுத்து வர மனசில்லாமல் உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் நானே எடுத்துக்கொண்டு போனேன். முதல் கொடியை வெட்டியதும் அவன் வந்து அரிவாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். பிறகு ஆள்கள் வந்தார்கள். மரங்களைச் சாய்த்து, வேரைத் தோண்டி, கல்லை ஒதுக்கினார்கள்.

அண்ணன் மகனிடம் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டேன். அவன் சங்கடப்பட்டுக்கொண்டு இரண்டு கையையும் சின்னதாக விரித்துக் காட்டினான். அந்த அகலத்தில் அவன் டிராக்டரின் முன்பக்கம் மட்டும்தான் போகும். நான் அதற்கும் தள்ளி, ஒரு டிராக்டரும் அதற்குப் பக்கத்தில் ஓர் ஆளும் போகிற அளவுக்குக் கல் நட்டேன். கொடுப்பதைக் குறுக்கிக் கொடுத்தால் நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்று யாராவது வந்து நிற்பார்கள். அதற்கு நான் இடம் வைப்பதில்லை.

மறுநாள் கிழங்கோடு டிராக்டர் இறங்கியது. ஆற்றை நேராகத் தாண்டி அக்கரை மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது. தலையாரி பாலத்திலிருந்து பார்த்தார், தடுக்கவில்லை. வெறும் வண்டியோடு திரும்பி வந்தவன் என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். வெட்டின மிளகுக்கொடிகள் தடத்தோரம் குவியலாக வாடிக் கிடந்தன.

"அத்தே, கொடியப் பாத்தா எனக்கே வயிறு எரியுதுங்க."

"எரிஞ்சா ஊத்துத் தண்ணி ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போ" என்றேன். "அடுத்த லோடு நிக்குது."

அவன் செருப்பைக் கழற்றி டிராக்டரில் போட்டுவிட்டு ஊற்றுக்கு இறங்கிப் போனான்.