டயருக்குப் பொட்டு

யுத்தம் நடந்த சமயம். பெர்மிட் இல்லாமல் புது டயர் கிடைக்காது. எங்கள் குடும்பக் காரின் பின் டயர்கள் இரண்டும் மொட்டையாகிவிட்டன. மறுநாள் உசிலம்பட்டியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் மடி கொடுக்காமல் நடக்குமா?

மதுரையில் ஒரு கடையில் பழைய டயர்கள் கருகருவென்று மின்னின. "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்கண்ணே, ரெண்டும் புதுசு மாதிரி" என்றார் கடைக்காரர். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன்!

மாட்டி முடித்ததும் காருக்குப் பூஜை. சந்தனப் பொட்டு வைப்பதற்காக என் மனைவி டயரை ஈரத்துணியால் துடைத்தாள். துணியெல்லாம் கறுப்புச் சாயம். "என்னங்க, இங்க வாங்க! நகம் உள்ள போகுது!" என்று கத்தினாள். சாயம் போன இடத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதிலா போக இருந்தோம்?

காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, சீர்த்தட்டோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். மருமகள் என் மடியில் உட்கார்ந்து அழுத அழுகையில் எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

இப்போதெல்லாம் டயர் வாங்க மனைவியையும் அழைத்துப் போகிறேன். அவள் கையில் ஈரத்துணியைப் பார்த்ததுமே அதே கடைக்காரர், வாசலில் மின்னும் டயர்களை ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்து வேறு எடுத்து வருகிறார்.