விளக்கைச் சுற்றி வட்டம்

கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொண்டவர்களின் பார்வையைச் சோதிக்கும் வேலையில் நன்றி நடந்து வரும், புகார் ஓடி வரும். எந்த ஊரில் எந்தக் கவுண்டரில் உட்கார்ந்து புகார் கேட்பவராக இருந்தாலும் உங்களுக்கு இது புரியும். நான் உட்கார்ந்திருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், அதுவும் சோடாபுட்டிக் கண்ணாடியோடு.

மறுநாள்

மல்லசமுத்திரத்து லாரி டிரைவர் பழனிசாமி, லேசர் செய்த மறுநாள் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரோ என் கண்ணாடியையே உற்றுப் பார்த்தார். என் கருவிழி மெலிசு, லேசர் தாங்காது என்று விளக்கினேன்.

"பயந்துக்கிட்டீங்கன்னு சொல்லுங்க, பரவால்லீங்க."

மூன்றாம் மாதம்

இருட்டில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவது லேசருக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான். நாளாக ஆகக் குறையும். பழனிசாமிக்கும் குறைந்து, ராத்திரி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரே வாரத்தில் மனுஷன் முகம் தொங்கிப்போய் வந்து நின்றார். எதிரே வரும் வண்டிக்கெல்லாம் பெரிய பெரிய வட்டமாம். முதலாளி வேறு டிரைவர் தேடுகிறாராம். மறுபடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன், கடைசி வரி வரை சரியாகவே படித்தார்.

"உங்க எழுத்துக்கு ஹெட்லைட் இல்லீங்களே!"

முதலாளி

நடந்து போகும்போது தெருவிளக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது சுத்தமாகத் தெரிகிறதாம், சீட்டில் உட்கார்ந்தால்தான் வட்டமாம். அப்படியானால் முதலாளியையே அந்த சீட்டில் உட்காரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தேன். பொழுது சாய்ந்ததும் முதலாளியே போனில் வந்தார்.

"ஏனுங்க மேடம், எனக்கும் வட்டம் தெரியுதுங்க. நான் ஆப்பரேசனே பண்ணிக்கலீங்களே!"

பூசை

விஷயம் இதுதான்: ராத்திரி ஓட்ட டாக்டர் சம்மதித்த சந்தோஷத்தில் பழனிசாமியின் மனைவி லாரிக்குப் பூசை போட்டிருக்கிறார். முன்கண்ணாடியில், டிரைவர் பார்க்கும் இடத்துக்கு நேராக, விபூதிப் பட்டையும் சந்தனமும். மறுநாள் பழனிசாமி அதை சாமி விளக்கு துடைத்த எண்ணெய்த் துணியால் துடைத்திருக்கிறார். பகலில் பளிச்சென்றுதான் இருந்ததாம்; ராத்திரியில்தான் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் எதிர் விளக்கெல்லாம் வட்டமாக விரிந்திருக்கிறது.

சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் வட்டமும் போனது, வேறு டிரைவர் பேச்சும் போனது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த முறை மனைவியையும் கூட்டி வந்தார். இனிமேல் கண்ணாடியில் பூச வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"பூசைய உட முடியாதுங்க. வேணும்னா பம்பர்ல போட்டுக்கறேன்."

இப்போதெல்லாம் டிரைவர் யாராவது வட்டம் தெரிகிறது என்று வந்தால், கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டிக்கு எப்போது பூசை போட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன்.