அந்தோணி அண்ணனின் திங்கட்கிழமைக் கடை

அந்தத் திங்கட்கிழமை மாலை அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. திரையில் அந்தோணி அண்ணனின் பெயர். மதியத்திலிருந்து அந்த அழைப்புக்காகத்தான் காத்திருந்தேன். எடுத்த வேகத்தில், “என்னண்ணே, கடை தொறந்தாச்சா?” என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமிருந்து ஸ்டெல்லா அக்காவின் குரல் வந்தது. அண்ணனின் மனைவி. “சுமதி, அவரு போயிட்டாரும்மா. காலைலயே போயிட்டாரு.” சந்தோஷமாகக் கத்திய அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரை ஆவடி தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவராகத் தெரியும். மாதா கோயில் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் நடந்து, மின்கம்பிகளைப் பார்த்துக் குரல் கொடுப்பவராகச் சிலருக்குத் தெரியும். அவருடைய நல்ல குணங்களைப் பற்றி அடக்கப் பூசையில் பங்குத்தந்தை அழகாகப் பேசிவிட்டார். நான் பேச வந்தது அங்கே யாரும் வாய் திறக்காத ஒரு விஷயத்தை. அந்தோணி அண்ணன் ஒரு ரெஸ்லிங் பைத்தியம். நானும்தான்.

கல்யாணமாகி நான் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த புதிது. என் கணவரும் அதே தொழிற்சாலை. ரெஸ்லிங் என்றால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். பூந்தமல்லியில் என் அம்மா வீட்டில் அண்ணன் தம்பிகளோடு சண்டை போட்டு அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். புது வீட்டில் மருமகளாக அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்று அதை மூட்டை கட்டி வைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை விடிகாலை, பக்கத்து வீட்டு டிவியிலிருந்து மேட்ச் தொடங்குகிற அந்த மணிச்சத்தம் கேட்டது. கூடவே ஆம்பளைகள் நாலைந்து பேரின் கூச்சல். அமெரிக்காவில் ஞாயிறு இரவு நடக்கிற பெரிய நிகழ்ச்சி நமக்குத் திங்கள் விடியலில் வரும். மாதத்துக்கு ஒன்று. என்னால் பொறுக்க முடியவில்லை. தயிருக்கு உறை மோர் கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த அண்ணன் என் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். கிண்ணத்தை வாங்கி ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்துவிட்டு, “மோரு அப்புறம் வாங்கிக்கலாம், இன்னும் ரெண்டு மேட்ச் கீது. உள்ள வாம்மா, குந்து” என்றார். உள்ளே இருந்தவர்கள் சங்கடமாக நெளிந்தார்கள். அவர் திரும்பி, “இன்னாத்துக்கு நெளியிற? தங்கச்சி மேட்ச் பாக்க வந்துகீது. காலை மடக்கு” என்று சொல்லி எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார். அன்று மோரை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அப்படித்தான் நான் கடையில் சேர்ந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அண்ணன் கை தட்டுவார். “கடை தொறந்தாச்சு!” அதற்குப் பிறகுதான் பேச்சு. யார் ஜெயித்திருக்க வேண்டும், யார் ஏமாற்றினான், நடுவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஆளாளுக்குப் பிய்த்து எடுப்போம். ஸ்டெல்லா அக்கா திட்டிக்கொண்டே டீ போடுவார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு வராமல் திங்கட்கிழமை மட்டும் கோழி கூவுவதற்கு முன் எழுந்திருக்கிறாரே என்று அவருக்கு ஒரு நிரந்தரக் குறை. அண்ணன் அலட்டிக்கொள்ள மாட்டார். “ஞாயித்துக்கெழம சாய்ங்காலப் பூசைக்குத்தான் வரேன்ல? அது ஆண்டவருக்கு. திங்கக்கெழம காலைல எனுக்கு.”

அதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துப் போடுகிற சண்டைதானே, இதற்கா இந்த ஆட்டம் என்று என் கணவர் ஒருமுறை கேலி செய்தார். அண்ணன் கோபப்படவில்லை. “கல்யாணத்துக்குப் போறியே, தாலி கட்டப் போறான்னு தெரிஞ்சிதானே போற? அப்பயும் கட்டுற நேரத்துல கண்ணு கலங்குதா இல்லியா?” என்றார்.

பார்க்காதவரிடம் மேட்ச் முடிவைச் சொல்லக் கூடாது என்ற எங்கள் விதி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத் திங்கள். முக்கியமான மேட்ச் தொடங்கும்போது கேபிள் போய்விட்டது. எங்களில் ஒருவரான காதருக்குச் சென்னீர்குப்பத்தில் மெக்கானிக் கடை. அங்கே டிவி உண்டு. அண்ணன் யோசிக்கவே இல்லை. ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு, காதர் தன் வண்டியில் முன்னால் போக, கொட்டுகிற மழையில் பூந்தமல்லி சாலையைப் பிடித்தார். போய்ச் சேர்ந்து டிவியைப் போட்டால் யாரோ குக்கரில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார்கள். விளம்பரம். நிகழ்ச்சி முடிந்திருந்தது. மறுஒளிபரப்பு மாலையில். அதுவரை யாரிடமும் முடிவைக் கேட்பதில்லை என்று மூன்று பேரும் நனைந்த கோழிகளாக நின்று சத்தியம் செய்தோம்.

மாலையில் வீட்டில் இருக்க வேண்டும் என்று அன்று இரண்டாம் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பகல் ஷிஃப்டுக்கே போனார் அண்ணன். தொழிற்சாலை கேன்டீனில் ஒருவர், “அந்தோணி, காலைல பாத்தியா, அவன்...” என்று ஆரம்பித்தாராம். அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மாதா பாட்டை உச்சஸ்தாயியில் பாடியபடி சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடிவிட்டார். இதை நேரில் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அன்று பேசிக்கொண்டீர்களாம். ஆனது இதுதான்.

பிறகு காலம் மாறியது. அண்ணன் ஓய்வு பெற்றுத் திருநின்றவூரில் ஏரிப் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போனார். என் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றலானது. நான் வேலைக்காக அம்பத்தூரிலேயே தங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து, கேபிளில் வந்துகொண்டிருந்த நிகழ்ச்சியும் சேனலை விட்டுச் செயலிக்குப் போய்விட்டது. இனி கைபேசியில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள்.

இதைப் பற்றித் திருநின்றவூர் வீட்டில் ஒருநாள் பெரிய விவாதமே நடந்தது. எங்களில் இளையவனான கார்த்திக், கணினி வேலைக்காரன், செயலியின் கட்சி. விளம்பரம் இல்லை, கேபிள்காரனைக் கெஞ்ச வேண்டாம், மழை வந்தாலும் கவலையில்லை என்று அடுக்கினான். காதரும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆரம்பித்தார்.

“அமெரிக்காக்காரன் அந்தக் காலத்துல ஒவ்வொரு ஷோவுக்கும் தனியா துட்டு கட்டித்தான் பாத்தான், தெரியுமா? எல்லார் ஊட்லயும் கட்ட முடியாது. அதனால தெருவே ஒரு ஊட்ல கூடும். நம்ப துட்டு கட்டாமலே அப்படிக் கூடினோம். இப்ப ஆளுக்கு ஒரு போன். எப்ப வேணா பாக்கலாம்னா இன்னா அர்த்தம்? எப்பவும் ஒண்ணா பாக்க மாட்டோம்னு அர்த்தம்.”

“அப்போ பாக்க வேணாங்கிறீங்களா அண்ணாத்தே?” என்று காதர் சீண்டினார்.

“யார்ரா இவன், பாக்காம இருக்க முடியுமா?” என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. கார்த்திக் ரயிலில் பார்த்தான். நான் மதியச் சாப்பாட்டு வேளையில் பார்த்தேன். காதர் பிற்பகலில் கடையில் வேலை குறைந்த பிறகு பார்ப்பார். ஒருவர் முடித்துவிட்டு வாட்ஸப் குழுவில் வாய் தவறினால் மற்றவர் நாள் பாழ். இரண்டு முறை அப்படி ஆகிச் சண்டையும் வந்தது. குழுவைக் கலைத்துவிடலாம் என்றுகூடக் கார்த்திக் சொன்னான். அப்போதுதான் அண்ணன் ஒரு ஏற்பாடு செய்தார். நிகழ்ச்சி நாளில் யாரும் குழுவைத் திறக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் பேசவும் கூடாது. பார்த்து முடித்தவர் அண்ணனுக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுக்க வேண்டும். அவர் மட்டும் பழைய வழக்கப்படி விடியலிலேயே எழுந்து பார்த்துவிடுவார். எல்லோருடைய மிஸ்டு காலும் வந்து சேர்ந்த பிறகு ஒவ்வொருவராக அழைத்து, “கடை தொறந்தாச்சு” என்பார். “கடைசி ஆள் பாக்கற வரைக்கும் கடை தொறக்காது. அது யாரா இருந்தாலும் சரி” என்பது அவருடைய சட்டம். ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகப் பார்த்த எங்களை அந்த மிஸ்டு கால்தான் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது.

அவர் இறந்த திங்களன்று வந்த நிகழ்ச்சி சாதாரணமானதல்ல. அவர் பல வருடங்களாகக் கொண்டாடிய ஒரு வீரர் அன்று கடைசியாக ரிங்கில் இறங்கினார். வயதான மனுஷன். ஜெயித்துவிட்டுப் போவாரா, தோற்றுவிட்டுப் போவாரா என்பதுதான் மாதக்கணக்கில் எங்கள் பேச்சு. “தோத்தாலும் பரவால்ல தங்கச்சி, நிமிந்து நடந்து போவணும். அத்த நான் பாக்கணும்” என்று முந்தின நாள்கூட என்னிடம் சொன்னார். அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அது.

அவர் பார்க்கவில்லை. நிகழ்ச்சி தொடங்குவதற்குள் பால் வாங்கி வந்துவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், வாசற்படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் பயனில்லை. அவருடைய மகள் காலையிலேயே எங்கள் குழுவில் செய்தி போட்டிருக்கிறாள். நாங்கள் யாருமே திறக்கவில்லை. எப்படித் திறப்போம்? அது நிகழ்ச்சி நாள். ஊரும் உறவும் வந்து அழுது முடிக்கும்வரை நாங்கள் மட்டும் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு, எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு அவர்மேல்தான் கோபம் வருகிறது. இப்படியா ஒரு நாளைப் பார்த்துப் போவது?

செய்தி கேட்டு நான் திருநின்றவூருக்கு ஓடியபோது அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மடியில் அண்ணனின் கைபேசி இருந்தது.

“மொதல்ல கார்த்திக் தம்பி அடிச்சிட்டு கட் பண்ணிச்சி. மத்தியானம் நீ. எம் பொண்ணு போனை ஆஃப் பண்றேன்னா. நான்தான் வாணாம், வுடுடின்னேன். காதர் பாய் மட்டும் பாக்கி இருந்தாரு. அவருதும் வந்துச்சு. அப்புறம்தான் உன்னைக் கூப்ட்டேன்.”

“ஏன்க்கா, உடனே கூப்பிட்டிருக்கக் கூடாதா?” என்று நான் அழுதேன்.

“எல்லாரும் பாத்து முடிக்கட்டும்னு இருந்தேம்மா. அவரு அப்படித்தானே இருப்பாரு.”

வாழ்நாள் முழுக்க ரெஸ்லிங்கைத் திட்டிய அந்த அம்மா, கணவரின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் மிஸ்டு கால்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் காதரும் கார்த்திக்கும் வந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் அவர் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதோம். நெருங்கிய சொந்தம் போலிருக்கிறது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் முடிந்தது. உறவினர்கள் நகர்ந்த பிறகு நாங்கள் மூவரும் ஸ்டெல்லா அக்காவும் மட்டும் நின்றோம். கார்த்திக்கால் அடக்க முடியவில்லை. “அக்கா, அந்தக் கடைசி மேட்ச்ல...” என்று என்னிடம் தொடங்கினான். காதர் அவன் தோளில் கை வைத்தார். “மச்சான், வாணாம்டா. கடை இன்னும் தொறக்கல.” அவன் வாயை மூடிக்கொண்டு அழுதான்.

ஸ்டெல்லா அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். “யாரு ஜெயிச்சான்னு அவருகிட்டயாவது சொல்லக் கூடாதா? மாசக்கணக்கா அதே பேச்சா இருந்தாரே” என்றார்.

நான் குனிந்தேன். ஈர மண்ணில் கை வைத்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் குனிந்தேன். கேன்டீனில் தட்டைப் போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாடியபடி ஓடும் மனிதர்தான் கண்முன் வந்தார். “வேணாம்க்கா, திட்டுவாரு” என்றேன். முப்பது நாளில் முதல்முறையாக அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அவர் நினைவாக எதையாவது எடுத்துக்கொள் என்று அக்கா என்னிடம் சொன்னார். நான் எதையும் எடுக்கவில்லை. என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அந்த மேட்ச்சில் யார் ஜெயித்தார் என்று எனக்குத் தெரியும். காதருக்குத் தெரியும், கார்த்திக்குக்கும் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ பேசியிருக்கிறோம். அதை மட்டும் இன்றுவரை ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டோம்.

கடைசி ஆள் இன்னும் பார்க்கவில்லை.