சவர்க்காரம் செய்கிறவளுக்கு ஒரு பெட்டிச் சவர்க்காரம்

நான் குடியேறிய இந்த நாட்டில் இருபது சவர்க்காரக் கட்டிகளை ஒரேயடியாக வாங்கினால், தானத்துக்கு என்றுதான் நினைப்பார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், வோபர்னில் மலிவு விற்பனை நடந்த கடையில் காசாளராக நின்ற வெள்ளைக்காரப் பெண், "டொனேஷனா?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கைக்குக் கப்பலில் அனுப்பும் பெட்டியைப் பற்றி அவளுக்கு எங்கே விளக்குவது? "யெஸ்" என்றேன். "காட் பிளெஸ் யூ" என்றாள். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இலங்கையில் பால்மாவுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், வெளிநாட்டுச் சாமான்கள் வருவது குறைந்துபோனது. அப்போதுதான் தங்கை வசந்தி, ஓர் உதவி நிறுவனம் கொடுத்த பயிற்சியோடும் அச்சுகளோடும் வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம் செய்யத் தொடங்கினாள். கணவனை இழந்தவளின் வீட்டில் அதனால்தான் அடுப்பு எரிந்தது. பிறகு நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி கரண்ட் பில் ஏறியது, இறக்குமதியும் திறந்தது. மார்க்கம் நகரிலுள்ள என் அலுவலகத்தில் தேநீர் குடித்தபடி, "உப்பிடித் திறந்துவிட்டாத்தான் நாடு உருப்படும்" என்று முழங்கியவன் நான். எனக்கென்ன, சம்பளம் டொலரில் வருகிறது.

போன கிழமை ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் வசந்தி வீடியோவில் வந்தாள்.

"அண்ணை, பெட்டி வந்திட்டுது. அயலுக்கும் சவர்க்காரம் குடுத்தனான்."

பெட்டி வந்தால் அயலுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. தலைக்கனம் என்பார்கள்.

"உன்ர வியாபாரம் எப்பிடிப் போகுது?"

"கடையில வெளிநாட்டுச் சாமான் வந்த பிறகும் அயல்ச்சனம் என்னட்டத்தான் வாங்கினவை. இப்ப நீங்கள் அனுப்பினது கிடக்கெல்லே, ஒருத்தரும் வாங்கீனமில்லை." சிரித்தாள். "அடுத்த பெட்டியில உது வேண்டாம் அண்ணை."

இருபத்தைந்து வருடமாக என் பட்டியல் மாறவில்லை: பால்மா, சொக்லேட், சவர்க்காரம். அவள் என்ன செய்து பிழைக்கிறாள் என்று தெரிந்தும் கை அதையே எடுத்தது. கப்பல் கப்பலாக வந்த சரக்கைத் தாக்குப்பிடித்தவளை என் ஒரு பெட்டி விழுத்திவிட்டது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் குடுத்துவிட்ட சவர்க்காரம் போட்டுப் பாத்தனீங்களோ?"

"ஓம், நல்ல வாசம்" என்று பொய் சொன்னேன். போன கோடையில் ஊரிலிருந்து வந்தவரிடம் அவள் கொடுத்துவிட்ட இரண்டு கட்டிகளும், வேப்பெண்ணெய் மணக்கிறது என்று நான் நிலவறையில் போட்டபடியே கிடந்தன.

அழைப்பு முடிந்ததும் ஒன்றை எடுத்துவந்து தாளைப் பிரித்தேன். கட்டியில் அவள் பெருவிரல் அடையாளம் பதிந்திருந்தது. அந்த அடையாளம் கரையும் வரை கைகளைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு அலுவலகத்தில் யாருக்கும் மணக்கக் கூடாதென்று, கடைச் சவர்க்காரத்தால் இன்னொரு தரம் கழுவிவிட்டு வேலைக்குப் புறப்பட்டேன்.