சத்தம் போடாத சார்ஜர்

“எத்தன பர்சென்ட் இருக்கு?”

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உள்ள காத்திருப்புக் கூடத்தில் யார் நுழைந்தாலும் காவலாளி கேட்கும் முதல் கேள்வி இதுதான். உள்ளே படுத்திருப்பது அப்பாவா மனைவியா, என்ன நோய், எப்படி ஆயிற்று என்று எதையும் கேட்கமாட்டார். வந்தவர் அழுதுகொண்டே வந்தாலும் சரி, கையை நீட்டிப் போனை வாங்கித் திரையைப் பார்ப்பார். “பதினொண்ணுதானா? குடுங்க, மொதல்ல இத போடுவோம். அப்புறம் உக்காந்து அழுவலாம்.” இதனாலேயே அவருக்குப் பர்சென்ட் அண்ணன் என்று பெயர் விழுந்துவிட்டது. அறுபதை நெருங்கும் ஒல்லி உடம்பு. இரண்டு ஆள் நுழையக்கூடிய சீருடை. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வகைவகையாகச் சுருட்டிய கேபிள்கள்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே நின்று வெகு காலமாகிறது. எதற்கும் போன்தான். மருந்து வாங்கவும் அதே மணி, கையெழுத்துப் போடவும் அதே மணி, கடைசியாக முகம் பார்க்கவும் அதே மணி. இரண்டு முறை அடித்து எடுக்காவிட்டால் நர்ஸுக்கு அடுத்த படுக்கையில் வேலை வந்துவிடும். இப்படிப்பட்ட கூடத்தில் மின்சாரத்துக்கு இருந்தது ஒரே ஒரு பிளக். அதற்கு நடந்த சண்டைகளைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான், நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்தபின், அண்ணன் தன் கைக்காசில் ஒரு சார்ஜர் வாங்கிவந்தார்.

ஆறு துளை. விலை மலிவு. அட்டையில் வாட்ஸ் எண் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை எல்லாத் துளைகளும் பங்குபோட்டுக்கொள்ளும் என்பது பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. புதிதாக ஒரு போனைச் செருகினால் அந்தச் சார்ஜர் மற்ற எல்லாவற்றையும் ஒரு நொடி அறுத்துவிட்டு மறுபடி பங்குவைக்கும். உடனே அத்தனை போன்களும், புதிதாகச் செருகியது போல, ஒன்றாக ‘டிங்’ என்னும். வீட்டில் என்றால் யாரும் கவனிக்கப்போவதில்லை. அந்தக் கூடத்தில் ஒவ்வொரு ‘டிங்’குக்கும் அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப்போடும். பாதித் தூக்கத்தில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்காருவார்கள்.

மனிதர்கள் எத்தனை முறைதான் செத்துப் பிழைப்பார்கள்? ஒவ்வொருவராகச் சத்தத்தை அமுக்கி வைத்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போகிறது என்று நினைத்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு பூசும் பெயிண்டர் ஒருவரும் அப்படித்தான் அமுக்கி வைத்தார். அசந்து கண் மூடிய நேரத்தில் உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. அவர் மனைவிக்கு நினைவு திரும்பி, அவரைக் கேட்டிருக்கிறாள். போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்து அணைந்தது. அவர் பார்த்துவிட்டு ஓடிப்போனபோது அவளுக்கு மறுபடி நினைவு தப்பியிருந்தது. பிறகு திரும்பவே இல்லை.

“ஒங்க மேல என்னண்ணே இருக்கு? நாந்தான சத்தத்த அமுக்குனேன்” என்று போகும்போது பெயிண்டர் அண்ணனுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அன்றே சார்ஜரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார் அண்ணன். வீட்டில் தங்கை கேட்டதற்கு, “ரிப்பேரு” என்றார். 

இப்போது இருப்பதை அவர் வாங்கிய கதையைக் கடைக்காரர் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார். வீட்டிலுள்ள போன்களையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, “இது அரை மணி நேரத்துல பாதி ஏத்திடும்ணே, வாட்ஸ பாருங்க” என்றால், “வாட்ஸ அப்புறம் பாக்கலாம். கொஞ்சம் பேசாம இருங்க” என்று ஒரு போனைச் செருகுவார். அடுத்ததைச் செருகுவார். குனிந்து காதை வைத்துக்கொண்டு முதல் போன் முனகுகிறதா என்று கேட்பார். முனகினால் அடுத்த பெட்டி.

“சார்ஜர் வாங்க வந்தீங்களா, நாடி பாக்க வந்தீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதான்பா எங்க எடத்துல.”

கடைசியில் தூசி படிந்த ஒரு பெட்டி அகப்பட்டது. ஒரு துளையில் மட்டும் வேகம், அதற்கெனத் தனிப் பங்கு. மற்ற ஐந்தும் நிதானமாக ஏற்றும், ஒன்றின் பங்கில் மற்றொன்று கைவைக்காது. இதெல்லாம் பழைய மாடல், யாரும் கேட்பதில்லை என்று கடைக்காரரே விலையைக் குறைத்தார். வேகத் துளை இப்போது உயிர் போகும் நிலையில் வருகிற போன்களுக்கு. பத்து ஏறியதும் மற்றத் துளைக்கு மாற்றிவிடுவார். செருகும்போது இன்றைக்கும் குனிந்து காதை வைப்பார். மற்றப் போன்களை ஒரு கணம் பார்த்துக்கொள்வார். ஒன்றும் சத்தம் போடாது. “சத்தத்த யாரும் கொறைக்காதீங்க. இது அடங்கின ஜாதி” என்று கூடத்துக்கே அறிவிப்பார்.

அன்று மாலை ஆறு துளைகளும் நிறைந்திருந்தன, அவருடைய சொந்தப் போனையும் சேர்த்து. தையல்காரம்மாவின் போன் அடித்தது. உள்ளே இருப்பது அவள் மகன், வண்டியிலிருந்து விழுந்தவன். மணி கேட்டும் அந்த அம்மாவுக்குக் கை எழவில்லை.

“எடும்மா. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்.”

எடுத்தாள். “வரேன்... இதோ வரேன்” என்றாள். செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போனோடு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. கேபிள் மட்டும் தொங்கி ஆடியது.

அப்படி உள்ளே போனவர்கள் திரும்பி வந்து கேபிளைத் தேடினால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். முடிந்துபோனால் யாரும் சார்ஜ் போட வருவதில்லை. இத்தனை வருஷத்தில் அண்ணன் அறிந்துகொண்டது இது. யாரிடமும் சொன்னதில்லை.

அப்போதுதான் வந்த ஒருவர், “ரெண்டு பர்சென்ட்தாண்ணே இருக்கு” என்று பதறிக்கொண்டு அந்தக் கேபிளைப் பிடிக்கப் போனார்.

“அதுக்கு ஆள் இருக்கு” என்றார் அண்ணன்.

தன் போனைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையை வந்தவருக்குக் கொடுத்தார். தொங்கிய கேபிளின் நுனியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கதவையே பார்த்தபடி நின்றார்.