காலி இடத்தின் எடை

வகுப்பில் அவளுக்கு 'கன்ட்ரோல் இசட்' என்று பேர். வடிவமைப்பு படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. கணினியில் ஒரு கோடு போட்டால், செய்ததை நீக்கும் அந்த இரண்டு விசைகளை அழுத்தி இரண்டு கோடு அழிப்பாள். அப்படிப்பட்டவள், அழிக்க வழியே இல்லாத கல்லூரி அச்சுக்கூடத்துக்குள் அன்று மதியம் ஒரு மணிக்கு முதன்முதலாக நுழைந்தாள். காரணம் அவள் அக்கா.

அக்கா பதினோரு வருடம் வேறொருவர் கடையில் தைத்தவள். மறுநாள் காலை சொந்தக் கடை திறக்கிறாள். அழைப்பு அட்டை தங்கையின் பொறுப்பு. "தொட்டாலே கையால பண்ணதுன்னு தெரியணும். என் தையலையும் அப்படித்தானே தொட்டுப் பாக்குறாங்க?" என்று சொல்லியிருந்தாள். அன்று மாலையே தெருவில் கொடுக்க நூறு அட்டை வேண்டும். அச்சுக்கூடத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

உள்ளே கூடப் படிக்கும் தோழி இருந்தாள். போன பருவம் முழுக்க இங்கேயே கிடந்து நகக்கண்ணெல்லாம் கறுத்தவள். அதனால் எல்லோருக்கும் அவள் 'மசி'.

"ஆறே வரிதான்டி, ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்."

"ஆறே வரி! அடுக்கிப் பாரு, அப்புறம் பேசு" என்றாள் மசி.

பெட்டியின் சின்னச் சின்ன அறைகளிலிருந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி அடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் ஆறு வரியும் நின்றன. அவள் போட்ட வடிவத்தில் எழுத்தெல்லாம் இடது பக்கம், வலது பாதி வெறும் வெள்ளை. வரிகளைச் சுற்றி இரும்புச் சட்டத்தை வைத்து முடுக்கினாள்.

"மெஷினத் துடைச்சிட்டு வரேன். அதுவரைக்கும் தூக்காத" என்று சொல்லிவிட்டு மசி நகர்ந்தாள்.

சும்மா இருக்க அவளால் முடியுமா? தூக்கினாள். ஆறு வரியும் பொலபொலவென்று தரையில் கொட்டின.

அவள் இடது கை விரல்கள் இரண்டு தாமாகவே மேசை விளிம்பில் அந்த நீக்கும் விசைகளைத் தேடி அழுத்தின. அதைப் பார்த்து மசி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அவளும் பொறுக்கினாள்.

"வலது பக்கம் என்ன வச்சே?"

"ஒண்ணும் வைக்கல. அது காலி இடம்."

"இங்க காலின்னு ஒண்ணு கிடையாதுடி. காலியும் ஈயம்தான். கட்டை வச்சு நிரப்பினாத்தான் எழுத்து நிக்கும்."

மணி மூன்று. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை. பத்து நிமிடத்தில் நூறு அட்டை வழுவழுவென்று வந்துவிடும். அவள் கால் கதவுப் பக்கம் திரும்பியபோது கைப்பேசி அடித்தது. அக்கா.

"ஆச்சா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். "எல்லாம் கொட்டிடுச்சுக்கா."

மறுமுனையில் தையல் இயந்திரச் சத்தம் நின்றது. "சரி. தப்பாப் போனாப் பிரிச்சுத் தைக்கிறதுதானே? எத்தன வரி?"

"ஆறு."

"மூணு போதும். கடை பேரு, தெரு, நேரம். மிச்சத்த நான் வாயால சொல்லிக்கிறேன். என் வாய் சும்மாவா இருக்கு?"

மூன்று வரியை மறுபடி அடுக்கினாள். இந்த முறை எழுத்தைவிடக் காலி இடத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பெரிய கட்டை, சின்னக் கட்டை, இண்டு இடுக்கில் மெல்லிய தகடு. முடுக்கினாள். ஒரு மூலையை விரலளவு உயர்த்திக் கீழே பார்த்தாள். எதுவும் அசையவில்லை. முழுதாகத் தூக்கினாள். கனத்தது; நின்றது.

மசி அச்சு இயந்திரத்தின் மிதிகட்டையை மிதித்தாள், அவள் தாள் வைத்தாள். முதல் ஏழு கோணல். எட்டாவது நேராக வந்தது. ஐந்தடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது நூறாவது அட்டை விழுந்தது.

கடை வாசலில் அக்கா ஒன்றை எடுத்து, தைத்த சட்டையை உள்பக்கம் புரட்டிப் பார்ப்பதுபோலத் திருப்பி, பின்பக்கம் விரலை ஓட்டினாள். எழுத்தின் தடம் தட்டுப்பட்டது, முகம் மலர்ந்தது.

"இந்தப் பாதி ஏன் காலியா இருக்கு?"

"காலி இல்லக்கா. பாதி வேலை அங்கதான் இருக்கு."

"உள்மடிப்பு மாதிரியா? சரி, நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடு. ஷட்டர் தூக்க ஆள் வேணும். கொட்டாமத் தூக்கத்தான் இப்பப் பழகிட்டியே!"